உறைபனியிலிருந்து சோலார் வாட்டர் ஹீட்டரைக் காக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றவுடன் மேசை மேல் இருக்கும் மானிட்டரும் கீ போர்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. தீப்பெட்டி அளவிலான ஈஎஸ்பி32 போர்டும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதைக் கொண்டு வீட்டில் உருப்படியாக என்ன செய்யலாம் என்று பல வாசகர்கள் கேட்பதுண்டு. எல்.இ.டி. விளக்கை எரிய வைத்து அணைப்பதோடு பலரது ஆர்வம் நின்று விடுகிறது. இந்த முறை, தவறினால் பல ஆயிரம் ரூபாய் நஷ்டமாகக் கூடிய ஒரு வேலையை அதனிடம் ஒப்படைத்துப் பார்ப்போம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் கூரை மேல் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரை உறைபனியில் வெடிக்காமல் காப்பதுதான் அந்த வேலை.

சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். சென்சார் பொய் சொன்னால் என்ன செய்வது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று இங்கே பார்க்கப் போவதெல்லாம் மீன் தொட்டிக்கும் மோட்டார் பம்ப்புக்கும் அப்படியே பொருந்தும்.

மூன்று டிகிரியில் தண்ணீர் உறையுமா?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் வந்தால் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. இது பிப்ரவரி வரை நீடிப்பது உண்டு. தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் காலையில் புல்வெளி வெள்ளை விரித்தது போல் இருக்கும் படங்களை ஆண்டுதோறும் பேப்பரில் பார்க்கிறோம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஜனவரி மாதம் அவர் வீட்டு சோலார் பேனலில் 2 செம்புக் குழாய்கள் பிளந்து விட்டன. அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, ராத்திரி பூரா வராண்டா தெர்மாமீட்டர் மூணு டிகிரிக்குக் கீழ போகவே இல்ல. மூணு டிகிரில தண்ணி எப்படிப்பா உறையும்?" நியாயமான கேள்வி. பேனலைப் பொருத்திய கம்பெனிக்காரர்கள் இதற்கு வாயே திறக்கவில்லையாம்.

தெர்மாமீட்டர் காட்டியது காற்றின் வெப்பநிலையை. பேனலோ காற்றை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கவில்லை, வானத்தையும் பார்த்துக் கொண்டிருக்கிறது. மேகமில்லாத இரவில் வானத்தைப் பார்த்திருக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக மேலே அனுப்பிக் கொண்டே இருக்கும். திரும்பி வருவது குறைவு. எனவே அந்தப் பொருள் சுற்றியுள்ள காற்றை விடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்து விடுகிறது. புல் மேல் உறைபனி படிவதும் இதனால்தான். காற்று 4, 5 டிகிரியில் இருக்கும் போதே பேனலுக்குள் பனிக்கட்டி உருவாகி விடலாம். வராண்டா தெர்மாமீட்டருக்கு மேலே கூரை இருப்பதால் அதற்கு இந்தக் கதையே தெரியாது.

நம் நாட்டில் இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் மேல் திறந்த வெளியில் வைத்து ஐஸ் எடுத்திருக்கிறார்கள். ராபர்ட் பார்க்கர் என்பவர் இதை 1775ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்து எழுதியிருக்கிறார். அந்த மண் தட்டு செய்த வேலையைத்தான் நம் சோலார் பேனலும் இரவில் செய்கிறது!

குழாய் ஏன் பிளக்கிறது?

நம் ஊர்களில் இரண்டு வகை சோலார் ஹீட்டர்கள் கிடைக்கின்றன. கண்ணாடி மூடிய தட்டையான பெட்டிக்குள் செம்புக் குழாய்கள் இருப்பது ஒன்று. இரட்டைச் சுவர் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக இருப்பது மற்றொன்று. வெயிலைச் சேகரிக்கும் இந்தப் பகுதிக்குக் கலெக்டர் என்று பெயர். (மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

தண்ணீர் உறையும் போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. தட்டைக் கலெக்டரில் மெல்லிய செம்புக் குழாய்கள் அரை அங்குலம்தான் இருக்கும். ஒரு குழாயில் இரண்டு இடங்களில் பனிக்கட்டி அடைத்துக் கொண்டால், நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறி, செம்பு உப்பிப் பிளந்து விடுகிறது. உடைந்தது உடனே தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக இருப்பதால் இரவில் ஒரு சொட்டும் ஒழுகாது. காலையில் வெயில் ஏறி உருகிய பிறகுதான் டேங்க் தண்ணீர் முழுவதும் கூரையில் ஓடும்.

கண்ணாடிக் குழாய் வகையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் உள்ளே உள்ள தண்ணீர் எளிதில் குளிராது. நீலகிரியின் மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரி இதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் டேங்கிற்கு வரும் குளிர்நீர்க் குழாயும், டேங்க் மேல் இருக்கும் காற்றுக் குழாயும் உறையலாம். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றுக் குழாய் பனிக்கட்டியால் அடைத்திருக்கும் போது கீழே சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால், டேங்கிற்குள் காற்று நுழைய வழியின்றி, பிழிந்த டப்பா போல டேங்க் உள்பக்கமாக நசுங்க வாய்ப்பு உண்டு. காற்றுக் குழாயை வளைவில்லாமல், தண்ணீர் தேங்காதபடி அமைத்து, மேலே இன்சுலேஷன் சுற்றி விடுங்கள்.

இன்சுலேஷன் பற்றி ஒரு வார்த்தை. அது வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. குழாய் முழுவதும் சுற்றியாகி விட்டது, இனி பயமில்லை என்று நினைப்பவர்களின் பேனலும் உடைகிறது. கலெக்டரின் கண்ணாடி மேல் எதையும் சுற்ற முடியாதே!

கம்ப்யூட்டர் இல்லாமல் என்ன செய்யலாம்?

சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். ஆனாலும் இந்த வேலையில் சாப்ட்வேருக்கு இரண்டாம் இடம்தான் தருவேன். புதிதாக வாங்குபவர்கள் கண்ணாடிக் குழாய் வகையையோ, கலெக்டரில் தண்ணீருக்குப் பதிலாக புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவம் ஓடும் வகையையோ வாங்குவது நல்லது. அந்தத் திரவம் டேங்கில் இருக்கும் தண்ணீரோடு கலக்காமல் தனிச் சுற்றில் ஓடும். 30 சதவீதம் கலந்தாலே உறைநிலை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். லே நகரம் போன்ற கடுங்குளிர் ஊர்களுக்கு இது போன்ற ஏற்பாடுதான் சரி. காருக்கு ஊற்றும் கூலண்டை மட்டும் இதில் ஊற்றி விடாதீர்கள். அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது விஷம்.

ஏற்கெனவே தட்டைக் கலெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உறைபனி வால்வ். இதற்குள் இருக்கும் மெழுகு, குளிரில் சுருங்குவதால், உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே வால்வ் தானாகத் திறந்து, கலெக்டரில் உள்ள குளிர்ந்த தண்ணீரை வெளியேற்றும். டேங்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் வந்தவுடன் மூடிக் கொள்ளும். கரண்ட் தேவையில்லை, புரோகிராம் தேவையில்லை. உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் வாய்ப் பகுதியில் உப்பு படியும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, மாலையில் கலெக்டரைக் காலி செய்து விடுவது. டேங்கிற்கும் கலெக்டருக்கும் இடையே உள்ள இரண்டு குழாய்களிலும் வால்வ் வேண்டும். கலெக்டரின் கீழ் முனையில் ஒரு வடிகால் வால்வும், மேல் முனையில் காற்று நுழைய வழியும் வேண்டும். முதல் இரண்டையும் மூடி விட்டு வடிகாலைத் திறந்து விட வேண்டும். இரண்டையும் மூடி வைத்து, வடிகாலைத் திறக்காமல் விட்டால் மறுநாள் வெயிலில் அடைபட்ட தண்ணீர் கொதிக்கும்; அது உறைபனியை விட ஆபத்து. மீண்டும் நிரப்புவதை வெயில் ஏறும் முன்னரே செய்திட வேண்டும். காய்ந்து கொதிக்கும் கலெக்டரில் பச்சைத் தண்ணீரை விடக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதைச் செய்பவர் யார்? மலை ஊர்களில் பல வீடுகளில் பிள்ளைகள் பெங்களூரிலும் கோவையிலும் வேலை பார்க்க, பெற்றோர் மட்டுமே இருக்கிறார்கள். 60 வயதைத் தாண்டியவர் இரவு 9 மணிக்குப் பனியில் நனைந்த தகரக் கூரை மேல் டார்ச்சோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். பேனல் உடைந்தால் மாற்றிக் கொள்ளலாம். எனவே வால்வுகளின் கைப்பிடிகள் தரையிலிருந்து எட்டும் இடத்தில் இருக்கும்படி பிளம்பரிடம் கண்டிப்பாகச் சொல்லி விடுங்கள். எந்த இரவில் காலி செய்ய வேண்டும் என்பதையும், காலி செய்ய மறந்தால் காப்பதையும் நம் சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளட்டும்.

தேவையான பொருட்கள்:

ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் நான்கு, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பம்ப்பை இயக்க மாஸ்பெட் போர்டு ஒன்று, 12 வோல்ட் டிசி பம்ப் ஒன்று, கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் அதே 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி, அதற்கு ஒரு சார்ஜர், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சிறு போர்டு.

ஏன் 230 வோல்ட் பம்ப் இல்லை? இரண்டு காரணங்கள். நனைந்த கூரை மேல் 230 வோல்ட்டைக் கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து, கரண்ட் போகும் இரவில்தான் பம்ப் கட்டாயம் தேவைப்படும். 20 வாட் டிசி பம்ப் ஓர் இரவில் மொத்தம் 16 நிமிடங்கள் ஓடினால் சுமார் 5 வாட் அவர் மின்சாரம்தான் செலவாகும். பேட்டரியில் இருப்பதோ 84 வாட் அவர். ஈஎஸ்பி32 எடுத்துக் கொள்வதையும் சேர்த்தால் கூட ஓர் இரவை எளிதில் கடத்தி விடலாம். பம்ப் சூடான தண்ணீரைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். மீன் தொட்டிப் பம்ப் சரிப்படாது.

டிஎஸ்18பி20 சென்சாரின் சிறப்பு, ஒவ்வொன்றுக்கும் 64 பிட் கொண்ட தனி முகவரி இருப்பது. நான்கையும் ஒரே ஒயரில் இணைக்கலாம். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை இதன் பிழை அரை டிகிரிக்குள் இருக்கும். முதல் சென்சாரைக் கலெக்டரின் கீழ்க் குழாயில், மூடிய முனையில் செம்போடு ஒட்டியபடி கட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். இரண்டாவதை மேல் குழாயில், தண்ணீர் வெளியேறும் முனையில் அதே போல் கட்டுங்கள். மூன்றாவது காற்றுக்கு, வராண்டா நிழல் போதும். நான்காவதுதான் சுவாரஸ்யமானது. உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, அதன் அடியில் சென்சாரை ஒட்டி, கூரை மேல் வானத்தைப் பார்த்து வைத்து விடுங்கள். இதன் பயனைப் பிறகு பார்ப்போம்.

சென்சாரைக் கலெக்டர் பெட்டிக்குள் நுழைத்து விடலாமே என்று தோன்றும். வேண்டாம். தண்ணீர் இல்லாத கலெக்டருக்குள் வெயிலில் வெப்பம் சென்சாரின் எல்லையான 125 டிகிரியைத் தாண்டி விடக் கூடும். வெளியே கட்டும் சென்சாருக்கும் சிலிகான் உறை போட்ட ஒயராகப் பார்த்து வாங்குங்கள்.

பம்ப்பை எங்கே இணைப்பது?

நம் ஊர் ஹீட்டர்களில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலே ஏறும். டேங்கின் அடியில் உள்ள தண்ணீர் கலெக்டருக்கு இறங்கும். இந்த இயற்கை ஓட்டத்தைக் கெடுக்காமல் பம்ப்பைச் சேர்க்க வேண்டும். டேங்கின் அடியிலிருந்து கலெக்டருக்கு இறங்கும் குழாயில் எளிதில் திறக்கும் ஒருவழி வால்வ் ஒன்றைப் போட்டு, அதற்குப் பக்கவாட்டில் தனிக் கிளையாகப் பம்ப்பை இணைக்கவும். பகலில் தண்ணீர் ஒருவழி வால்வ் வழியாகப் போகும். இரவில் பம்ப் ஓடும் போது அந்த அழுத்தத்தில் வால்வ் மூடிக் கொள்ளும். ஒருவழி வால்வ் இல்லாவிட்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் கலெக்டருக்குப் போகாமல் அந்த இடத்திலேயே சுற்றிக் கொண்டிருக்கும்.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

பயத்தில் இரவு முழுக்கப் பம்ப்பை ஓட விட்டால் பேனல் உடையாது. ஆனால் நீங்கள் சேமித்த வெப்பம் முழுவதும் வானத்துக்குப் போய்விடும். காலையில் குளிக்கப் பச்சைத் தண்ணீர்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலெக்டரிலும் குழாயிலும் சேர்த்து 3 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக் கொள்வோம். 4 டிகிரியில் உள்ள அதை வெளியே தள்ளி, டேங்கின் அடியிலிருந்து 20 டிகிரி தண்ணீரை உள்ளே விடுகிறோம். 3 லிட்டர், 4.18 கிலோ ஜூல், 16 டிகிரி ஆகியவற்றைப் பெருக்கினால் சுமார் 200 கிலோ ஜூல். ஓர் இரவில் 16 முறை செய்தால் 3200 கிலோ ஜூல், அதாவது 0.9 யூனிட். 100 லிட்டர் டேங்க் 55 டிகிரியில் இருந்தால் 20 டிகிரிக்கு மேல் அதில் இருப்பது சுமார் 4 யூனிட். ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமாகச் செலவாகிறது. குளிக்க மீதி தாராளமாக இருக்கும். எனவே தண்ணீரை மாற்றி விட்டு உடனே நிறுத்தி விட வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் 1 நிமிடம் போதும்.

புரோகிராம் எழுதும் முறை:

இதன் அடிப்படை மிகச் சிறியது. ஆர்டுவினோ சாப்ட்வேரில் எழுதினால் இரண்டு பக்கம் கூட வராது. கருத்தைத் தமிழிலேயே தருகிறேன்.

ஒவ்வொரு 30 விநாடிக்கும் கீழ்க் குழாய் சென்சாரை 3 முறை படி. நடு மதிப்பை எடுத்துக் கொள்.
மதிப்பு 6 டிகிரிக்குக் கீழ் என்றால் பம்ப்பை ஓட்டு.
மேல் குழாய் சென்சார் 10 டிகிரியைத் தாண்டினால் நிறுத்து. தாண்டாவிட்டாலும் 90 விநாடியில் நிறுத்து.
அடுத்த 5 நிமிடங்களுக்குப் பம்ப்பைத் தொடாதே.
தொடர்ந்து 3 முறை ஓடியும் மேல் சென்சார் ஏறவில்லை என்றால் எச்சரிக்கை அனுப்பு.

தண்ணீர் உறைவது 0 டிகிரியில். நாம் ஏன் 6 வைக்கிறோம்? சென்சாரின் பிழை அரை டிகிரி. சென்சார் இருப்பது பெட்டிக்கு வெளியே. உள்ளே நடுக் குழாய் அதை விடக் குளிர்ந்திருக்கும். இந்த இடைவெளிக்கும் சேர்த்துத்தான் 6. தொடங்க ஓர் எண், நிறுத்த வேறோர் எண் என்று வைத்திருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், அந்த எண்ணைச் சுற்றி வெப்பநிலை ஊசலாடும் போது பம்ப் நொடிக்கு நொடி ஓடி நிற்கும்.

இனிதான் முக்கியமான பகுதி. டிஎஸ்18பி20 சென்சார் இரண்டு விதமாகப் பொய் சொல்லும். ஒயர் அறுந்து விட்டால் நாம் பயன்படுத்தும் லைப்ரரி மைனஸ் 127 என்ற எண்ணைத் தரும். சென்சாருக்கு மின்சாரம் நின்று வந்து, அளந்து முடிக்கும் முன் படித்து விட்டால் 85 என்று வரும். 12 பிட் துல்லியத்தில் அளக்க 750 மில்லி விநாடி வரை ஆகும் என்பதால் அவசரப்பட்டால் இது நடக்கும். முதல் பொய்யை நம்பினால் பம்ப் இரவு பகலாக ஓடும். இரண்டாவது பொய் இன்னும் மோசம். கலெக்டர் உறைந்து கொண்டிருக்கும் போது, கொதிக்கிறது என்று புரோகிராம் சும்மா இருந்து விடும். எனவே இந்த இரண்டு எண்களையும் வெப்பநிலையாக எடுத்துக் கொள்ளாமல் கோளாறாக எடுத்துக் கொண்டு மீண்டும் படிக்க வேண்டும். பகலில் உண்மையாகவே 85 வரலாம். அப்போது பம்ப் தேவையில்லை என்பதால் குழப்பமில்லை. கீழ்க் குழாய் சென்சார் முழுவதும் செத்து விட்டால்? காற்று சென்சார் 6 டிகிரிக்குக் கீழ் காட்டும் வரை, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 1 நிமிடம் பம்ப்பை ஓட்டும்படி எழுதி விடுங்கள். கொஞ்சம் வெப்பம் வீணாகும், பரவாயில்லை.

வை-பை இணைப்பை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ரூட்டர் கரண்ட் இல்லாமல் அணைந்திருக்கும் இரவில், வை-பை கிடைக்கும் வரை காத்திருக்கும் ஒரு வரியில் புரோகிராம் தொங்கிப் போனால் எல்லாம் வீண். பம்ப் வேலை முதலில், செய்தி அனுப்பும் வேலை பிறகு. வாட்ச்டாக் டைமரை இயக்கி வைத்தால், புரோகிராம் எங்காவது சிக்கி நின்றாலும் போர்டு தானே ரீஸ்டார்ட் ஆகும்.

கறுப்புத் தகடு எதற்கு?

இரவு 8 மணிக்கு மேல் தகட்டின் வெப்பநிலையையும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தகடு காற்றை விட 3, 4 டிகிரி குறைவாகக் காட்டினால் வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் அடிக்கவில்லை என்று பொருள். அதோடு காற்றும் 10 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்று விடியற்காலை உறைபனியை எதிர்பார்க்கலாம். ஒரு டெலிகிராம் பாட் அமைத்து, "இன்று உறைபனி வரலாம். வால்வை மூடி, வடிகாலைத் திறக்கவும்" என்று தமிழிலேயே வீட்டில் உள்ளவர்களின் செல்போனுக்கும் உங்கள் செல்போனுக்கும் 8.30 மணிக்கு அனுப்பி விடலாம். கலெக்டரைக் காலி செய்த இரவில் பம்ப் வெறுமனே ஓடக் கூடாது. அதற்கு வடிகால் வால்வின் கைப்பிடியில் ஒரு சிறு ஸ்விட்சைப் பொருத்தி, வால்வ் திறந்திருப்பதைப் புரோகிராமுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான் சொன்ன 3, 4, 10 ஆகிய எண்களை அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டாம். ஒரே ஊரில் மேட்டில் உள்ள வீட்டுக்கும் பள்ளத்தில் உள்ள வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தேங்கும். முதல் இரண்டு வாரங்கள் பம்ப்பை இணைக்காமல், நான்கு சென்சார்களின் அளவுகளை 5 நிமிடத்துக்கு ஒரு முறை பைலில் எழுதச் செய்திடுங்கள். எக்ஸெல்லில் திறந்து கிராப் போட்டால் உங்கள் கூரை எந்த வேகத்தில் குளிர்கிறது, எத்தனை மணிக்கு அடிமட்டம் தொடுகிறது என்பது தெரிந்து விடும். பெரும்பாலும் சூரிய உதயத்துக்குச் சற்று முன்புதான் மிகவும் குறைவாக இருக்கும். அந்தக் கிராப்பைப் பார்த்து எண்களை மாற்றிக் கொள்ளுங்கள். இந்த இரண்டு வாரங்களும் அக்டோபரில் முடிந்து விட்டால் நல்லது. அதுவரை மாலையில் வடிகாலைத் திறக்கும் பழைய முறை தொடரட்டும்.

பொருத்திய பிறகு சோதிக்க உறைபனிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு டம்ளரில் ஐஸ் கட்டிகளையும் தண்ணீரையும் போட்டு, கீழ்க் குழாய் சென்சாரைக் கழற்றி அதில் முக்குங்கள். அளவு 0 டிகிரிக்கு அருகில் வர வேண்டும். பம்ப் ஓட வேண்டும். ஓடிக் கொண்டிருக்கும் போதே சார்ஜரின் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு ரூட்டரை அணையுங்கள். பிறகு அந்தச் சென்சாரின் ஒயரையும் உருவி, காற்று சென்சாரை ஐஸ் தண்ணீரில் வைத்து விட்டு, 20 நிமிடங்கள் கழித்துப் பம்ப் ஒரு நிமிடம் ஓடி நிற்கிறதா என்று பாருங்கள்.